கை சொன்ன பதில்

அத்தியாயம் 14

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, பேராசிரியர் அம்போஃபோ குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று, எந்தத் தயாரிப்பும் இல்லாமல் பேசுவதற்குத் தயார் செய்துகொண்டிருந்தார்.

"எதிர்பாராத இந்தத் தருணத்தில்..." என்று ஆரம்பித்தார். புருவம் சரியாக உயரவில்லை. மறுபடி ஆரம்பித்தார். நான்காவது தடவைதான் அந்தத் தருணம் கொஞ்சம் எதிர்பாராததாகத் தெரிந்தது.

அது பதினோரு மணிக்கு வரும் என்று மூன்று வாரம் முன்பே முடிவாகியிருந்தது. கடற்கரை ஊரான கேப் கோஸ்ட்டிலிருந்து ஃபீஃபியின் வீட்டார் கதவு தட்ட வருகிறார்கள். பெண் கேட்குமுன் செய்கிற மரியாதை அது. கையில் ஷ்னாப்ஸ் என்கிற மது இரண்டு பாட்டில் இருக்கும். வாங்கிக்கொண்டால் மேற்கொண்டு பேசலாம். வாங்காவிட்டால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். கதவு அதோடு மூடிவிடும்.

பேராசிரியரின் மகள் செர்வா மகப்பேறு மருத்துவமனையில் நர்ஸ். சுவாமே என்ற பட்டறைப் பகுதியில் மெக்கானிக்காக இருக்கும் ஃபீஃபியை இரண்டு வருடமாக அவளுக்குத் தெரியும். அவன்தான் வேண்டும் என்பதில் அவளுக்குச் சந்தேகம் கிடையாது. சந்தேகமெல்லாம் பெற்றவர்களுக்கு.

அம்மா அஃப்ரியே, அவன் முதல் தடவை வாசல் கேட்டைத் திறந்த விதத்தைப் பார்த்தே வேண்டாம் என்று முடிவு செய்தவள். காரணங்களைப் பிறகுதான் சேர்த்தாள், வாரத்துக்கு ஒன்றாக. சத்தமாகச் சிரிக்கிறான். கடற்கரைக்காரன். அந்தப் பக்கத்து ஃபான்டி இனத்தார் வாய்க்கு ருசியாகத் தின்றே வீட்டைக் காலி செய்வார்கள். போன வாரக் காரணம், அவன் தலைமுடி.

அப்பா அப்படி இல்லை. அவர் அறிவின்படி நடப்பவர். ஃபீஃபிக்கு அவர் அட்டவணை போட்டிருந்தார். கல்வி, நிதானம், தொலைநோக்கு, நகச் சுத்தம் என்று பத்துத் தலைப்பு. ஃபீஃபி நூற்றுக்கு நாற்பத்து மூன்று. நகத்தில் பூஜ்யம்.

"அம்பது எடுத்தாதான் பாஸ்" என்று போன வாரம் செர்வாவிடம் அறிவித்திருந்தார். "சனிக்கிழமை நேர்ல பாத்துட்டு ஏழு மார்க் தர முடியுமான்னு யோசிக்கிறேன். உணர்ச்சிவசப்பட்டு எதையும் செய்யறவன் நான் இல்லைன்னு உனக்கே தெரியும்."

செர்வாவுக்கு என்ன தெரியும் என்பது இந்த வாரக் கதை.

அடுப்படியில் அஃப்ரியே நிலக்கடலைச் சாறு கிளறிக்கொண்டிருந்தாள். பின்கட்டில் ஃபூஃபூவுக்கு மரவள்ளியும் வாழைக்காயும் சேர்த்து இடிக்கிற சத்தம் கேட்டது. பேராசிரியர் கென்டே துணியை இடது தோளில் போட்டு, வலது தோள் திறந்திருக்க, செங்கோல் இல்லாத அரசர் மாதிரி வந்து நின்றார்.

"எப்படி இருக்கு?"

"இடுப்புல அவிழுது ப்ரொஃபசர். இழுத்துச் சொருகுங்க."

சொருகிக்கொண்டார். "அஃப்ரியே, இன்னைக்கு ஒண்ணு கேட்டுக்கறேன். வர்றவங்க முன்னாடி மூஞ்சியக் காட்டாத. பிடிக்குது, பிடிக்கலைங்கிறதெல்லாம் மிருகத்துக்கும் உண்டு. காரணம் சொல்லத் தெரிஞ்சது மனுஷனுக்கு மட்டும்தான்."

"என்னை எந்தக் காரணத்துக்காகக் கட்டுனீங்க?"

"ஆறு காரணம். எழுதியே வச்சிருக்கேன்."

"எப்ப எழுதுனீங்க?"

"கல்யாணத்துக்கு அடுத்த வருஷம்."

அஃப்ரியே கரண்டியைத் தட்டிவிட்டுச் சிரித்தாள். "கல்யாணத்துக்கு முந்தின வருஷம் மார்க்கெட்டுல என் கடை வாசல்ல தெனம் நின்னீங்களே, ஒரு முழம் துணிகூட வாங்காம. அதுக்கு என்ன காரணம்?"

பேராசிரியர் துணியை இன்னொரு தடவை சொருகினார்.

இந்தக் குமாசி நகரத்தில் அவர் பெயர் தெரியாதவர்கள் குறைவு. கல்லூரியில் முப்பது வருடம் தர்க்கம் சொல்லிக்கொடுத்தவர். ஓய்வுக்குப் பிறகு வியாழன்தோறும் மாலை உள்ளூர் வானொலியில் 'தெளிவோம்' என்று ஒரு மணி நேரம் பேசுகிறார். நான்கு மாதம் முன்னால் அவர் பேசிய ஒரு பேச்சு ஊரையே இரண்டாக்கியது. இடது கையால் கொடுப்பது, வாங்குவது, காட்டுவது எல்லாம் அவமரியாதை என்கிறோமே, அது அறிவா என்று கேட்டார். "இரண்டு கையிலும் ஓடுவது ஒரே ரத்தம். சிந்திக்கிற மனிதன் எந்தக் கையால் நீட்டினாலும் வாங்கிக்கொள்வான்!" என்று முடித்தார். பாராட்டிக் கடிதம் வந்தது. திட்டியும் வந்தது. இரண்டையும் அவர் ஒரே கோப்பில் வைத்து, வருகிறவர்களுக்குக் காட்டினார்.

பதினோரு மணிக்கு நீல நிற வேன் ஒன்று கேட்டுக்கு உள்ளே வந்து முற்றத்தில் நின்றது. ஏழெட்டுப் பேர் இறங்கினார்கள். எல்லோருக்கும் முன்னால், வெள்ளையும் நீலமுமாக உடுத்தி, ஃபீஃபியின் அத்தை அராபா. பெற்றவர்கள் இல்லாத ஃபீஃபியை ஏழு வயதிலிருந்து வளர்த்தவள். கேப் கோஸ்ட் கடற்கரையில் மீன் புகை போடும் அடுப்பு இருபது வைத்திருப்பவள். அவள் நடந்து வந்தபோது முற்றமே அவளுக்கு வழி விட்டது மாதிரி இருந்தது.

கதவு திறந்துதான் கிடந்தது. இருந்தாலும் தட்டினாள்.

"யாரு?" என்று உள்ளேயிருந்து கேட்டார் ஒபிரி. அஃப்ரியேயின் அண்ணன். பிள்ளைகள் தாய்வழிக் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் என்பதால் இங்கே தலைவர் தாய்மாமன்தான். பேராசிரியருக்கு இதில் பல வருட வருத்தம். அதனால்தான் ஒபிரி ஒரு சலுகை கொடுத்திருந்தார். முதல் பாட்டிலை வாங்குவது பெண்ணின் அப்பா கை.

"வழிப்போக்கர்தான்" என்றாள் அராபா. "உங்க தோட்டத்துல ஒரு பூ பாத்தோம்."

"தோட்டத்துல வெண்டைக்காதான் போட்டிருக்கோம்."

"வெண்டைக்கும் பூ உண்டுங்கய்யா."

"அப்ப உள்ள வாங்க. வெயில்ல நின்னா பேச்சு காஞ்சு போகும்."

கூடம் சிரிப்பால் நிறைந்தது. நாற்காலிகள் எதிரெதிராகப் போட்டிருந்தன. செர்வா வழக்கப்படி உள்ளறையில், கதவிடுக்கில் ஒரு கண்ணோடு நின்றாள். தண்ணீர் கொடுத்தாயிற்று. நலம் விசாரித்தாயிற்று. பேராசிரியர் எதிர்பாராத தருணத்தைப் பற்றிப் பேசி முடித்தாயிற்று. அதற்குள் ஒபிரி ஒரு சின்னத் தூக்கம் போட்டு எழுந்தார்.

அராபா பெட்டியிலிருந்து முதல் பாட்டிலை எடுத்தாள். அப்போதுதான் ஃபீஃபி எழுந்தான்.

"அத்தை, இதை நானே குடுக்கறேன்."

"நீயா? நான்தானேடா குடுக்கணும்."

"ஐயாவுக்கு என் கையால குடுக்கணும்னு ஆசை."

ஒபிரி தலையசைத்தார். "குடுக்கட்டுமே. ஆசையா கேக்குறான்."

ஃபீஃபி பாட்டிலை வாங்கிக்கொண்டு நான்கு அடி நடந்து பேராசிரியர் முன்னால் நின்றான். வெள்ளைச் சட்டை. நகத்தைக்கூட ஒரு வாரமாக மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்திருந்தான். முகத்தில் பரீட்சையில் கேள்வித்தாள் தெரிந்துபோன பையனின் களை. பாட்டிலை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினான். யாரும் தவறாக எண்ண முடியாதபடி, நிதானமாக, வேண்டுமென்றே.

இடது கையை நீட்டினான்.

பேராசிரியரின் இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் போய்விட்டன.

அவர் அவற்றைப் போகச் சொல்லவில்லை. அடுப்பைத் தொட்ட கை திரும்புகிற வேகத்தில் அவையாகப் போயின. ஃபீஃபி அவர் வாங்கிக்கொள்வார் என்று அதே நொடியில் பிடியை விட்டிருந்தான்.

ஷ்னாப்ஸ் பாட்டில் சிமெண்டுத் தரையில் விழுந்து சிதறியது.

மது வாசனை கூடம் முழுக்கப் பரவியது.

"முன்னோருங்க அவசரத்துல இருக்காங்க போல" என்றார் ஒபிரி, தரையில் மது ஊற்றி முன்னோருக்குப் படைக்கிற வழக்கத்தைச் சாக்காக்கி நிலைமையைக் காப்பாற்ற. "ஒரே மடக்குல முழு பாட்டில்!"

அராபா எழுந்துவிட்டாள்.

"ஃபீஃபி, என்னடா பண்ணின? பொண்ணு வீட்டுக்கு வந்து இடது கையா? ஒரு வாரமா தலையால அடிச்சுக்கிட்டேனே, வலது கை, வலது கைன்னு!"

"ஐயா ரேடியோல சொன்னாங்க அத்தை." ஃபீஃபி சிதறிய பாட்டிலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "எந்தக் கையால நீட்டினாலும் வாங்கிப்பேன்னு. நான் ஒரு டாக்ஸிக்கு அடியில படுத்துக் கேட்டேன். ஐயாவுக்கு அதான் மரியாதைன்னு நெனச்சேன்."

எல்லாத் தலைகளும் பேராசிரியர் பக்கம் திரும்பின.

"ஆமா, சொன்னேன்" என்றார் அவர். கைகள் இன்னும் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தன. "இப்பவும் சொல்றேன். இடது கையில எனக்கு ஆட்சேபணை கிடையாது. இங்க நடந்தது வேற. முதலாவதா, நான் கண்ணாடி போடல. ரெண்டாவதா, பாட்டில் வேர்த்திருந்துச்சு. மூணாவதா, துணி இடுப்புல அவிழ்ற மாதிரி..."

"உங்க கை பதில் சொல்லிருச்சுங்க" என்றாள் அராபா. "வாய்தான் பின்னாடி ஓடி வருது."

"அம்மா, அது நான் இல்ல. என் கை."

"கைக்குச் சொந்தக்காரர் எங்க? அவரைக் கூப்பிடுங்க, பேசிக்கலாம்."

பேராசிரியர் வாயைத் திறந்தார். "நாலாவதா..." என்றார்.

அராபா இரண்டாவது பாட்டில் இருந்த பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டாள். "அஞ்சு மணிக்குக் கெளம்பி வந்தோம். பையன் பண்ணினது தப்பு. அதுக்கு நான் மன்னிப்புக் கேக்கறேன். ஆனா குடுத்ததை இந்த வீடு வாங்கல. எல்லாரும் பாத்தாச்சு. இதுக்கு மேல என்ன இருக்கு? ஃபீஃபி, போய் வண்டிக் கதவைத் திற."

ஃபீஃபி உள்ளறைக் கதவிடுக்கை ஒரு தடவை பார்த்தான். பிறகு தலைகுனிந்து எல்லோருக்கும் முன்னால் வெளியே போனான். அராபா விடைபெறும் வார்த்தைகளை ஒன்று விடாமல் சொல்லி முடிக்க ஐந்து நிமிடம் ஆயிற்று. கோபத்திலும் முறை தவறாதவள்.

வந்தவர்கள் வெளியேறியதும் பேராசிரியர் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். அஃப்ரியே அடுப்படி ஜன்னலில் நின்று முற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். செர்வா வெளியே வந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

"செர்வா, உணர்ச்சிவசப்படாத" என்றார் பேராசிரியர். "நிதானமா யோசிப்போம். ஒரு பாட்டில் உடைஞ்சதாலயே ஒரு முடிவு..."

"அப்பா, நான் எந்தக் கையால பொறுக்கறேன், பாருங்க."

பார்த்தார். இடது கை.

"அவசரத்துல..." என்றார்.

"அவசரத்துல எப்பவும் அதுதான் வரும். ஊசி போடறப்பவும் அதுதான் முதல்ல கிளம்பும். நான்தான் நிறுத்தி, மத்ததை அனுப்புவேன். நான் இடதுகைக்காரிப்பா. உங்களுக்குத் தெரியாதா?"

"நீ வலது கையாலதான் எழுதற. சாப்பிடற. சின்னதுலேருந்து பாக்கறேனே."

"எழுத வச்சீங்க."

பேராசிரியர் நிஜமாகவே புரியாமல் மனைவியைப் பார்த்தார். அஃப்ரியே ஜன்னலிலிருந்து திரும்பாமலே பேசினாள்.

"இவளுக்கு மூணு வயசு. உங்க கல்லூரித் தலைவர் வீட்டு விருந்து. குழந்தை இடது கையால கேக் வாங்கிருச்சு. அவர் பொண்டாட்டி ஒரு மாதிரி பாத்தாங்க. வீட்டுக்கு வந்ததும் நீங்கதான் சொன்னீங்க, சாப்பிடறப்ப அந்தக் கையைக் கட்டிடுன்னு. என் கடையிலேருந்தே ஒரு மஞ்சள் துணி கிழிச்சு, நாற்காலியோட கட்டினேன். நாலு மாசம்."

"நானா?"

"நீங்க சொன்னீங்க. கட்டினது நான். எனக்கும் சேத்துத்தான் சொல்றேன்."

"எனக்கு ஞாபகமே இல்லையே அஃப்ரியே."

"இருக்காது" என்றாள் செர்வா. கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் எதிர்வாதம் செய்திருப்பார். அவள் களைப்போடு சொன்னாள். "கட்டினவங்களுக்கு இருக்காதுப்பா. நான் அதை யார்கிட்டயும் சொன்னதில்ல. அந்த ரேடியோ பேச்சு வந்த அன்னைக்கு ஃபீஃபி என் முன்னாடி உக்காந்து, முதல் தடவையா இடது கையில ஸ்பூன் பிடிச்சுச் சாப்பிட்டாரு. முப்பத்தோரு வயசு வரைக்கும் ஒளிச்சு வச்சிருந்த கை. சிரிச்சேன். ஆனா உள்ளுக்குள்ள பொறாமையா இருந்துச்சு. எங்கப்பா பேசினதைக் கேட்டு ஊர்ல யாரோ ஒருத்தர் கட்டை அவுத்துக்கிட்டாரே, எனக்கு அவுக்கத் தோணலையேன்னு."

பேராசிரியர் தன் கைகளை மடியில் வைத்துப் பார்த்தார். நான்கு மாதம் முன்னால் அந்தப் பேச்சை எதற்காக எழுதினோம் என்று யோசித்தார். எல்லாவற்றுக்கும் காரணம் தெரிந்தவர் அவர். இதற்குத் தெரியவில்லை. ஒரு ராத்திரி தூக்கம் வராமல் எழுந்து, ஒரே மூச்சில் எழுதியது மட்டும் நினைவிருந்தது. ஏன் அன்றைக்கு அழுகை வந்தது என்றும் கேட்டுக்கொள்ளவில்லை.

முற்றத்தில் வேன் 'கர்ர்ர்' என்றது. நின்றது. மறுபடி 'கர்ர்ர்' என்றது. நின்றது.

"போய்ட்டாங்களா?" என்றார்.

"வண்டி கெளம்ப மாட்டேங்குது" என்றாள் அஃப்ரியே.

"இன்னைக்கு அவங்க அப்படியே போயிட்டா மறுபடி வர மாட்டாங்கப்பா" என்றாள் செர்வா. "அந்த அத்தையை எனக்குத் தெரியும். நானும் இன்னொருத்தர் வந்து தட்டுவாங்கன்னு காத்திருக்க மாட்டேன். உங்க நாப்பத்து மூணு மார்க்கை வச்சுக்கிட்டு எதை வேணா பண்ணுங்க."

துண்டுகளை வாரிக்கொண்டு அவள் உள்ளே போனாள்.

பேராசிரியர் எழுந்தார். கதவு வரை போய்த் திரும்பி வந்தார். மறுபடி போனார். ஒபிரி அவர் தோளில் கை வைத்தார்.

"மாப்ளே, என்ன சொல்லப் போறே?"

"தெரியலண்ணே."

"அப்ப நல்லதுதான். போ."

முற்றத்தில் வேனின் முன்மூடி திறந்திருந்தது. ஃபீஃபி சட்டைக் கையை மடித்துவிட்டு இன்ஜினுக்குள் தலையை விட்டிருந்தான். தேய்த்துத் தேய்த்து வெளுத்த நகங்கள் பழைய நிறத்துக்கு வந்துவிட்டன. வந்தவர்கள் மாமர நிழலில் நின்றார்கள். அராபா மட்டும் முன்சீட்டில், பெட்டி மடியில், நேராக எதிரே பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"இத்தனை நேரமா என்னடா பண்ற?"

"பாக்கறேன் அத்தை. சிக்கலான பழுது."

பேராசிரியர் ஜன்னலருகே போய் நின்றார். "அம்மா, நான் யோசிச்சுப் பாத்தேன்..."

"யோசிக்காதீங்க. யோசிச்சுப் பேசினதுலதான் பாட்டில் உடைஞ்சுது."

"இல்லம்மா. யோசிக்காம இழுத்ததுல உடைஞ்சுது."

அராபா திரும்பிப் பார்த்தாள். இரண்டும் உண்மைதான் என்று அவள் முகத்தில் தெரிந்தது. அதை ஒப்புக்கொள்ள அவள் தயாராக இல்லை.

பேராசிரியர் 'முதலாவதாக' என்று ஆரம்பிக்கவில்லை. முற்றத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி, ஆனால் வானொலிக் குரல் இல்லாமல் பேசினார்.

"என் பொண்ணு மூணு வயசுல இடதுகைக்காரி. ஒரு விருந்து வீட்டுல அவமானமாப் போச்சுன்னு நான் அந்தக் கையைக் கட்டி வைக்கச் சொன்னேன். அப்புறம் மறந்தே போயிட்டேன். அறிவு வந்துருச்சுன்னு ரேடியோல ஊருக்கெல்லாம் சொன்னேன். என் கைக்கு யாரும் சொல்லல போல. அது இன்னும் அந்த விருந்து வீட்டுலயே நிக்குது."

மாமர நிழலில் இருந்தவர்கள் வேனை நெருங்கி வந்தார்கள்.

அராபா பெட்டியின் மூடியைத் தடவினாள். "கட்டினீங்களா?" என்றாள்.

"நாலு மாசம்."

"நான் கட்டல. அடிக்கிறதுக்குக் கரண்டிக் காம்பு வச்சிருந்தேன்." ஜன்னல் வழியே எட்டி ஃபீஃபியின் குனிந்த முதுகைப் பார்த்தாள். "அண்ணன் புள்ளை. நாளைக்கு யாரும் வளர்ப்பு சரியில்லைன்னு சொல்லிறக் கூடாதேன்னு. விரல் முட்டியில இப்பவும் தழும்பு இருக்கும் அவனுக்கு. ஒரு நாள்கூட அழுததில்ல, பாவி."

அவள் வேனிலிருந்து இறங்கினாள். வீட்டுக்குள் வரமாட்டேன் என்றாள். வாங்காத வீட்டில் கால் வைப்பதில்லை, எதுவானாலும் இந்த முற்றத்திலேயே. பெட்டியைத் திறந்து இரண்டாவது பாட்டிலை எடுத்து ஃபீஃபியிடம் கொடுத்தாள்.

ஃபீஃபி கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, இந்தத் தடவை ஜாக்கிரதையாக வலது கையை நீட்டினான்.

"அது இல்லப்பா" என்றார் பேராசிரியர். "அந்தக் கை."

"வேண்டாம் சார். நான்தான் தப்பா..."

"நீ தப்புப் பண்ணல. நான் சொன்னதை நம்பின ஒரே ஆள் நீதான். குடு."

ஃபீஃபி பாட்டிலை இடது கைக்கு மாற்றினான். விரல் முட்டிகள்மேல் பழைய வெள்ளைக் கோடுகள் தெரிந்தன.

பேராசிரியரின் கை கிளம்பியது. பாதியில் நின்றது. கழுத்தில் மயிர் குத்திட்டது, காதுமடல் சுட்டது. அந்தப் பாட்டிலுக்கும் அவருக்கும் நடுவே ஒரு முழம் தூரம்தான். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, அடம்பிடிக்கிற ஆட்டை இழுப்பது போல், தன் கையைத் தானே முன்னால் இழுத்தார். விரல்கள் பாட்டிலைத் தொட்டன. பிடித்தன.

அறிவு போய்ச் சேர்ந்துவிட்டது. உடம்பு கொஞ்சம் பின்னால் வந்துகொண்டிருந்தது.

பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அப்புறம், பாவம், பழக்கம் விடவில்லை. "இதிலிருந்து நாம் அறிய வேண்டியது மூன்று..." என்று ஆரம்பித்தார்.

"மாப்ளே, ஒண்ணுகூட வேண்டாம்" என்று ஒபிரி பாட்டிலைக் கையிலிருந்து வாங்கினார். "செர்வா! வெளிய வாம்மா."

செர்வா வாசற்படியில் வந்து நின்றாள். முறைப்படி ஒபிரி அவள் சம்மதத்தைக் கேட்டார்.

"இவங்க கொண்டுவந்ததை நாங்க குடிக்கலாமா?"

"குடிங்க மாமா."

"நாளைக்கு மனசு மாறி எங்க தலையில போட்டுறாத. ரெண்டாவது தடவை கேக்கறேன். குடிக்கலாமா?"

"குடிங்க மாமா."

"மூணாவது..."

"குடிங்க!" என்றாள், அவர் முடிப்பதற்குள்.

முற்றம் கைதட்டியது. அராபா தட்டவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, இனி உள்ளே வரலாம் என்று வீட்டைப் பார்த்து நடந்தாள். படியில் செர்வாவின் இடது கையைப் பிடித்துத் தூக்கி, துணி வாங்குகிறவள் மாதிரி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு விட்டாள்.

எல்லோரும் உள்ளே போன பிறகு ஃபீஃபி வேனின் மூடியைச் சாத்த வந்தான். அங்கே அஃப்ரியே நின்றிருந்தாள்.

இத்தனை மாதத்தில் அவள் அவனிடம் தனியாகப் பேசியதே இல்லை.

"என்ன பழுது?" என்றாள்.

"அது வந்தும்மா... கார்பரேட்டர்ல..."

"இருபத்தஞ்சு வருஷமா இந்த மாதிரி வேன்லதான் மார்க்கெட்டுக்கு மூட்டை ஏத்தறேன். நடுரோட்டுல எத்தனை தடவை நின்னிருப்பேன்னு நெனைக்கிற? ஜன்னல்லேருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். வண்டிக் கதவைத் திறக்கப் போனவன், முன்மூடியை எதுக்குத் திறந்த?"

ஃபீஃபி அவள் காலைப் பார்த்தான்.

அஃப்ரியே கையை நீட்டினாள். "எடு."

அவன் கால்சட்டைப் பையிலிருந்து சுண்டுவிரல் நீளத்தில் கறுப்பாக ஒரு சாமானை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். ரோட்டர். அது இல்லாமல் எந்த டிரைவர் சாவியைத் திருப்பினாலும் 'கர்ர்ர்'தான்.

"அவங்க போயிட்டா அப்புறம் அவ்வளவுதான்னு தெரிஞ்சுதும்மா" என்றான். "யோசிக்கல. கை போயிருச்சு."

அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஏமாற்றுக்காரன் என்பது அவள் இதுவரை சேர்த்த எல்லாக் காரணங்களையும்விட நல்ல காரணம். அது உள்ளங்கையில் வந்து உட்கார்ந்திருந்தது, எண்ணெய்ப் பிசுக்கோடு. ஆனால் அவளுக்கு, என்ன செய்தும், சிரிப்புதான் வந்தது. தன் கடை வாசலில் ஒரு முழம் துணிகூட வாங்காமல் ஒரு வருடம் நின்ற ஒரு ஒல்லி வாத்தியாரின் முகம் வந்தது.

"ராத்திரி தங்கிட்டுக் காலையில போகட்டும் உங்க அத்தை. ஏழு பேருக்குச் சமைச்சது வீணாகக் கூடாது" என்றாள். அது ஒரு காரணம்தானே. போதும்.

ரோட்டரைத் துணி முனையில் வைத்து முடிந்துகொண்டபோது கூடத்திலிருந்து பேராசிரியரின் குரல் கேட்டது. முழு வானொலிக் குரல் திரும்பி வந்திருந்தது.

"ஃபீஃபி! எங்க போனாரு மாப்பிள்ளை? அம்மா, எல்லாரும் கேளுங்க, முடிவு பண்ணிட்டேன். வியாழக்கிழமை நிகழ்ச்சிக்கு அவரைக் கூட்டிக்கிட்டுப் போறேன். மனசுல பட்டதை மறைக்கத் தெரியாத மனுஷன்! இன்னைக்கு இந்த வீட்டுல நடந்ததை ஒண்ணு விடாம, வண்டி நின்னது உள்பட, நேரடி ஒலிபரப்புல அவர் வாயாலயே சொல்லணும்!"

ஃபீஃபி அஃப்ரியேயைப் பார்த்தான். அஃப்ரியே முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினாள்.